மக்கட் காவல்: உரிமையும் கடனும்

1. முன்னுரை

மணவாழ்வு முறியுமிடத்து எழும் வினாக்கள் பலவாம். அவற்றுள் வீடு, நிலம், நகை என்னும் பொருள் பற்றியன பங்கீட்டால் தீர்ந்துவிடும். மக்கள் பற்றியன அங்ஙனம் தீர்வன அல்ல. குழந்தை யாரிடத்து வளர்தல் வேண்டும், பிரிந்து வாழும் தந்தையோ தாயோ அதனை எங்ஙனம் காண்பது, அதன் ஊணும் உடையும் கல்வியும் யார் பொறுப்பு என்னும் மூன்று வினாக்கள் நாடோறும் நம் நீதிமன்றங்களில் எழுந்தவண்ணம் இருக்கின்றன. இவற்றை முறையே காவல், காணுரிமை, பிழைப்பூதியம் என்று கூறலாம். பின்னதனைப் பொதுமக்கள் ஜீவனாம்சம் என்றே வழங்குவர்.

சட்டம் பயின்றார்க்கே உரிய இப்பொருளைத் தமிழாய்வு இதழில் எழுதுவது எற்றுக்கு என்று வினவுவார் இருத்தல் கூடும். சொல்லாராய்ச்சியே இதற்கு விடையாகும். நீதிமன்றத்தார் ‘கஸ்டடி’ என்று ஒரு சொல்லை ஆள்கின்றனர். கைப்பற்றிய பொருளை வைத்திருத்தலும், குற்றஞ்சாட்டப் பெற்றவனைப் பிடித்து வைத்தலும், குழந்தையைத் தன்பால் கொண்டு வளர்த்தலும் ஆகிய மூன்றையும் அவ்வொரு சொல்லே குறிக்கின்றது. நம் செய்தித்தாள்களும் மூன்றற்கும் ‘காவல்’ என்றே எழுதுகின்றன. பொருளும் கைதியும் குழந்தையும் ஒரு சொல்லில் அடங்குமாயின், குழந்தை யாருடையது என்னும் வினா முன்னும், குழந்தைக்கு எது நலம் என்னும் வினா பின்னுமாக நிற்றல் இயல்பேயாம். நம் நாட்டுச் சட்ட வரலாற்றில் நெடுங்காலம் நிகழ்ந்ததும் அதுவே.

காவல் என்பது பெற்றோர் தம்முள் வழக்காடிப் பெறும் உரிமையா, குழந்தைக்கு அவர் இறுக்கவேண்டிய கடனா என்பதே ஈண்டு ஆராயப்படுவது. தொன்னூல் வழக்குகள் சிலவும், யாழ்ப்பாணத்துத் தேசவழமையும், சென்னை அடையாற்றில் தோன்றி இலண்டன் வரை சென்ற ஒரு வழக்கும், அதன் பின்னர் எழுந்த சட்டங்களும் இவ்வாராய்ச்சிக்குச் சான்றாகக் கொள்ளப்பெறும்.

2. தொன்னூல் வழக்கு

புறநானூற்றில் பொன்முடியார் பாடிய பாடல் ஒன்று யாவரும் அறிந்தது. ஓர் இளைஞன் உருவாதற்குத் தாய், தந்தை, கொல்லன், வேந்தன் ஆகியோர் செய்ய வேண்டுவனவற்றை அப்பாடல் வரிசைப்படுத்துகின்றது. பெற்று வளர்ப்பது தாய்மேலும், சான்றோனாக ஆக்குவது தந்தைமேலும், படைக்கலம் செய்து தருவது கொல்லன்மேலும், வாழ்வுக்கு வழிசெய்வது வேந்தன்மேலும் நிற்கின்றன. இவையனைத்தையும் அப்புலவர் ‘கடன்’ என்னும் சொல்லாலேயே குறிக்கின்றார். இளைஞன்மேல் இவர்க்குள்ள உரிமை யாது என்னும் பேச்சு அங்கில்லை. தாய்க்குரிய செயலைச் சுட்ட அவர் ஆண்ட ‘புறந்தருதல்’ என்பது பேணுதல், காத்தல், வளர்த்தல் ஆகிய பொருள்களை ஒருங்கே தருஞ் சொல்லாகும். இச்சொல்லை நாம் பின்னரும் நினைவு கூர்வோம்.

அகப்பாடல்களில் நற்றாய், செவிலித்தாய் என இருவர் வருகின்றனர். ஈன்றவள் வேறு, வளர்ப்பவள் வேறு. தொல்காப்பியர் இவ்விருவரையும் கூற்று நிகழ்த்துவோராகத் தனித்தனியே வைத்துள்ளார். தலைவி உடன்போக்கில் சென்றுழிச் சுரத்திடைத் தேடிச் செல்பவள் செவிலியே. வளர்த்தலால் வரும் பிணைப்பு, ஈன்றமையால் வரும் பிணைப்பினின்றும் வேறாயது எனினும் அதனிற் குறைந்ததன்று என்பதனைப் பழந்தமிழ்ப் புலவர் உணர்ந்திருந்தனர் என்க.

இரத்த உறவு சிறிதும் இன்றிக் காப்பாளர் ஆனார்க்குக் கபிலரே தக்க சான்று. பாரி இறந்துபட்ட பின், அவன் மகளிரை அழைத்துக்கொண்டு அவர் பறம்பினை நீங்கினார். விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் சென்று அவர்களை மணந்துகொள்ளுமாறு வேண்டினார். அவர்கள் உடன்படாராயினர். பின்னர் அம்மகளிரைப் பார்ப்பாரிடத்து ஒப்படைத்தார் எனப் புறநானூற்றுக் குறிப்புக்கள் கூறும். ஈண்டுக் கபிலர்க்குப் பாரிமகளிர்மேல் வழக்குரிமை யாதும் இல்லை. நட்பின் வழிவந்த கடன் ஒன்றே உண்டு. அக்கடனைத் தம்மால் இயன்றமட்டும் ஆற்றி முடித்த பின்னரே அவர் அவர்களைப் பிரிந்தார்.

இவற்றின் மறுதலையும் நம் இலக்கியத்தில் உண்டு. மணிமேகலைக் காப்பியத்தில் சித்திராபதி தன் குலத்தொழில் வழக்கினைக் காட்டிப் பெயர்த்தியைக் கேட்கின்றாள். மாதவி மறுக்கின்றாள். மகளின் வாழ்வு எதுவாதல் வேண்டும் என்பதே அவள் கருதியது. குலத்தின் உரிமை அவளுக்குப் பொருட்டாகவில்லை. அதன் பின்னும் சித்திராபதி அடங்கினாளல்லள். குழந்தையைக் குலத்தின் உடைமையாகக் கருதும் எண்ணம் அக்காலத்தும் வலிவுற்றிருந்தது என்பதற்கு இதுவே சான்றாம்.

ஒன்று கூறி மேற்செல்லுதல் வேண்டும். புறப்பாட்டும் காப்பியமும் சட்டநூல்கள் அல்ல. பொன்முடியார் பாடல் போர்க்களத்துக்கு மகனை அனுப்பும் மறக்குடியின் பாடலேயன்றிக் குழந்தையின் நலம் நாடும் பாடலன்று. ஆகவே, முன்னோர் நெறியே இற்றைச் சட்டமாயிற்று என உரைத்தல் வரலாறாகாது. பெற்றோர்க்கும் மக்கட்கும் இடையேயுள்ள தொடர்பைக் கடன் என்னும் சொல்லால் சிந்திக்கும் மரபு ஒன்று தமிழில் இருந்தது என்ற அளவே துணிந்து கூறத்தக்கது.

3. தேசவழமை காட்டும் முறை

தமிழர் வழக்காறு எழுத்துருப்பெற்ற சட்டமாக நமக்குக் கிடைப்பது யாழ்ப்பாணத்துத் தேசவழமையேயாம். ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்சு என்பார் 1707ஆம் ஆண்டில் இதனைத் தொகுத்தார். பின்னர் இது தமிழில் பெயர்க்கப்பட்டுப் பன்னிரு முதலிமாரால் பார்வையிடப் பெற்றது. ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் ஒழுங்குவிதியால் இதற்குச் சட்ட வலிமை நல்கினர்.

தாயை இழந்த சிறுவர் பற்றி இந்நூல் கூறுவது கருதற்பாலது. தாய் இறந்த பின், தந்தை மறுமணம் செய்யாதிருக்கும் வரை மக்களும் பொருளும் அவன்பாலே நிற்கும். அவன் மறுமணம் செய்ய விழையின், தாய்வழிப் பாட்டனோ பாட்டியோ, அவர் இலராயின் நெருங்கிய சுற்றத்தாரோ, சிறுவரை வளர்த்தற்பொருட்டு ஏற்றுக்கொள்ளுதல் வழக்கம். அப்பொழுது தந்தை, இறந்த மனைவி கொணர்ந்த சீதனம் முழுவதையும், அம்மணவாழ்வில் ஈட்டிய தேடிய தேட்டத்தில் பாதியையும் மக்களோடு சேர்த்து ஒப்படைத்தல் வேண்டும்.

இவ்விதியில் இரண்டு கருத்துக்கள் உள்ளன. வளர்ப்பவர் கையில் குழந்தை செல்லுமிடத்து, வளர்த்தற்குரிய பொருளும் உடன் செல்லுதல் வேண்டும் என்பது ஒன்று. தந்தையின் வாழ்வு மாறுமிடத்துக் குழந்தை வாழும் இடமும் மாறலாம் என்பது மற்றொன்று. காவலும் பொருளுதவியும் ஒன்றனையொன்று பற்றியன என்னும் உண்மையை யாழ்ப்பாணத்து உழவரும் முதலிமாரும் முந்நூறு ஆண்டுகட்கு முன்னரே வழக்கில் கொண்டிருந்தனர். இன்று அவை தனித்தனிச் சட்டங்களில் பிரிந்து கிடத்தலை நோக்க, பழைய வழக்கின் திட்பம் புலனாகும்.

4. ஆங்கிலேயர் கொணர்ந்த சட்டம்

ஆங்கில நாட்டுப் பொதுச்சட்டம் தந்தையின் உரிமையைப் பேரளவில் ஏற்றது. மணந்த பெண்ணுக்குத் தன் மக்கள்மேல் உரிமை யாதும் இல்லை. கணவனைப் பிரிந்து, தன் மூன்று ஆண்மக்களையும் காணவியலாது வருந்திய எழுத்தாளர் கரோலின் நார்ட்டன் அம்மையாரின் முயற்சியால் 1839ஆம் ஆண்டில் ஒரு சட்டம் நிறைவேறியது. ஏழு வயதிற்குட்பட்ட மக்களைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவும், அதற்கு மேற்பட்டோரைச் சென்று காணவும் தாய் நீதிமன்றத்தை வேண்டலாம் என அச்சட்டம் விதித்தது. இன்று காணுரிமை வேண்டி நிற்போருள் தந்தையர் பலர். ஆங்கிலச் சட்டத்திலோ அவ்வுரிமை முதன்முதல் எழுந்தது தாய்மார் கண்ணீரிலிருந்தேயாம்.

இந்தியாவில் 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டம் பொதுச்சட்டமாக நின்றது. இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன் 17ஆம் பிரிவு குழந்தையின் நலத்தை முன்வைத்து, அதன் வயது, பால், சமயம், காப்பாளரின் ஒழுக்கமும் திறனும், உறவின் அண்மை ஆகியவற்றை நோக்குமாறு பணிக்கின்றது. தெளிவாக எண்ணித் தேரும் வயதினதாயின், குழந்தையின் விருப்பத்தையும் நீதிமன்றம் கருதலாம் என்கின்றது. அதே சட்டத்தின் 19ஆம் பிரிவோ, தந்தை உயிரோடிருந்து தகுதியற்றவனாகாத வரையில் வேறொருவரைக் காப்பாளராக நியமித்தல் கூடாது என்றது. நலம் ஒரு பிரிவிலும் உரிமை மற்றொரு பிரிவிலுமாக ஒரே சட்டத்துள் எதிரெதிர் நின்றன. இவ்விரண்டும் மோதிய களமே அடையாற்று வழக்கு.

5. அடையாற்று வழக்கு

மதனப்பள்ளியில் 1895ஆம் ஆண்டு பிறந்தவர் ஜே. கிருஷ்ணமூர்த்தி. இளவல் நித்தியானந்தர் அவரினும் மூன்றாண்டு இளையவர். தாய் 1905ஆம் ஆண்டில் இறந்தார். தந்தை நாராயணையா அரசுப்பணியினின்றும் ஓய்வு பெற்றுப் பிரம்மஞான சபையில் பணியேற்று, 1909ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மக்களோடு அடையாற்றில் குடியேறினார். அங்குச் சபையின் பெரியோருள் ஒருவராகிய லெட்பீட்டர் கிருஷ்ணமூர்த்தியைக் கண்டு, உலக ஆசான் தோன்றுதற்குரிய கலம் இவரே எனக் கருதினார். 1910ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நாராயணையா, தம் மக்களின் காப்பாளராக அன்னி பெசண்ட் அம்மையாரை ஏற்று எழுத்து வழங்கினார். அம்மையார் சிறுவரைக் கல்வியின்பொருட்டு இங்கிலாந்திற்கு அழைத்துச் சென்றார்.

பின்னர்த் தந்தையின் உள்ளம் மாறியது. லெட்பீட்டரின் தொடர்பு தம் மக்கட்குத் தகாதது என்று கருதி, அவர்களைத் தம்மிடம் ஒப்புவிக்குமாறு 1912ஆம் ஆண்டில் செங்கற்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அது சென்னை உயர்நீதிமன்றத்திற்கு மாற்றப்பட்டது. அம்மையார் தம் வழக்கினைத் தாமே எடுத்துரைத்தார். 1913ஆம் ஆண்டு ஏப்பிரலில் நீதிபதி பேக்வெல் தீர்ப்பு வழங்கினார். சிறுவரை நீதிமன்றத்தின் காப்புக்குரியோராக அறிவித்துத் தந்தையிடம் ஒப்படைக்குமாறு ஆணையிட்டார். அன்றைய வயதுச் சட்டப்படி, நீதிமன்றம் காப்பை ஏற்குமாயின் இளவர் பருவம் 18 ஆண்டோடு முடியாது 21 வரை நீளும். அவ்வாண்டின் இறுதியில் மேல்முறையீட்டு நீதிபதியரும் அத்தீர்ப்பினை உறுதி செய்தனர்.

வழக்கு இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. 1914ஆம் ஆண்டு மே திங்களில் வெளியான தீர்ப்பு சென்னைத் தீர்ப்பினை மாற்றியது. அதன் கருத்துக்கள் மூன்றாகத் தொகுத்துரைக்கத் தக்கன.

முதலாவது, இடம் பற்றியது. காப்பாளர் சட்டத்தின்படி, குழந்தை வழக்கமாக வாழும் இடத்து மாவட்ட நீதிமன்றமே வழக்கினை விசாரித்தற்குரியது. இங்கிலாந்தில் கல்வி பயிலச் சென்றுவிட்ட சிறுவரைச் செங்கற்பட்டு மாவட்டத்தில் வழக்கமாக வாழ்வோர் எனல் பொருந்தாது.

இரண்டாவது, தந்தையின் நிலை பற்றியது. தந்தை தம் மக்களின் இயல்பான காப்பாளரே. எனினும் அக்காப்பாண்மை மக்கள் நலத்தின்பொருட்டு ஒப்படைக்கப்பெற்ற புனிதமான பொறுப்பாகும். ஆதலின் தாம் உயிரோடிருக்கையில் தமக்கு மாற்றாக மற்றொருவரைத் திரும்பப் பெறவியலாதவாறு நியமித்தல் அவரால் ஆகாது. வளர்க்கும் பொறுப்பைப் பிறர்க்குத் தரலாம், திரும்பவும் பெறலாம். ஆயின் அங்ஙனம் பெறுதல் மக்களின் நலத்திற்கு ஊறாகுமோ என்பதனை நீதிமன்றம் நோக்கும்.

மூன்றாவதே நம் ஆராய்ச்சிக்கு உயிர்நாடி போன்றது. சிறுவர் இருவரும் வழக்கில் கட்சிக்காரராகச் சேர்க்கப்படவில்லை. அவர்தம் விருப்பம் யாதென ஒருவரும் கேட்டறியவில்லை. அவர்கள் நலம் எண்ணப்பட்டதும் அவர்கள் இல்லாத இடத்திலேயாம். அத்தகைய நிலையில் அவர்களை இங்கிலாந்தினின்றும் கொணருமாறு ஆணையிடுதல் முறையன்று என்று பிரிவி கவுன்சில் கூறிற்று.

இத்தீர்ப்பினை அம்மையார்க்குக் கிட்டிய வெற்றி என்றே அக்காலத்தார் பேசினர். உண்மையில் சிறுவர் அவரிடமே வாழ்தல் நலமென எந்த நீதிமன்றமும் ஆராய்ந்து முடிவு செய்யவில்லை. தந்தை விரும்பின் இங்கிலாந்து நீதிமன்றத்தை அணுகலாம் என்று விடுத்தனர். மகனைப் பெற்ற உரிமையை ஒருவரும், மகனை ஒப்படைத்துப் பெற்ற எழுத்தின் உரிமையை மற்றொருவரும் காட்டி வழக்காடினர். பதினெட்டு வயதை எட்டிக்கொண்டிருந்த இளைஞரை ‘நீ எங்கு வாழ விரும்புகின்றாய்?’ என்று கேட்டார் எவரும் இலர். 1890ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வினாவிற்கு இடந்தந்திருந்தும் அது கேட்கப்படாது போயிற்று. தம்மைப் பற்றிப் பிறர் கொண்டிருந்த கருத்துக்கு அவ்விளைஞர் பின்னாளில் தாமே விடை கூறினார். தம்மைத் தலைவராகக் கொண்டு எழுந்த விண்மீன் சங்கத்தை 1929ஆம் ஆண்டு ஆகத்து 3ஆம் நாள் ஆலந்து நாட்டு ஓம்மனில் அவரே கலைத்துவிட்டார்.

6. உரிமை நலத்திற்கு இடந்தந்தமை

நாடு விடுதலை பெற்ற பின்னர் எழுந்த சட்டங்களில் 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் குறிப்பிடத்தக்கது. அதன் 26ஆம் பிரிவு, மணவழக்கு நடைபெறும்பொழுதும் முடிந்த பின்னும் மக்களின் காவல், உணவு, கல்வி பற்றி ஆணையிட நீதிமன்றத்திற்கு அதிகாரம் அளித்து, இயன்றவிடத்தெல்லாம் மக்களின் விருப்பத்தோடு பொருந்த ஆணையிடுமாறு கூறுகின்றது. அடையாற்றுச் சிறுவரிடம் கேட்கப்படாத வினா, இங்குச் சட்டத்தின் சொல்லாகவே இடம்பெற்றுவிட்டது.

1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாண்மைச் சட்டம் முன்னைய முரணைத் தன்னுள்ளும் கொண்டே எழுந்தது. இளவரின் இயல்பான காப்பாளர் தந்தை, அவருக்குப் பின் தாய் என்பது அதன் 6ஆம் பிரிவு. ஐந்து வயது நிரம்பாத குழந்தை பொதுவாகத் தாயிடமே இருத்தல் வேண்டும் என்பதும் அப்பிரிவிலேயே உளது. 13ஆம் பிரிவோ, காப்பாளரை நியமிக்குமிடத்துக் குழந்தையின் நலமே தலையாயது என்கின்றது.

சென்னையிற் பிரிந்து வாழ்ந்த கிறித்தவத் தம்பதியர்க்கிடையே எழுந்து, உச்சநீதிமன்றம் வரை சென்ற ரோசி ஜேக்கப் வழக்கில் 1973ஆம் ஆண்டு தீர்ப்பு வழங்கப்பட்டது. மக்கள் பெற்றோரின் உடைமைப் பொருளும் அல்லர், விளையாட்டுப் பொருளும் அல்லர் என்று நீதிபதியர் அதில் தெளிவுறுத்தினர். காவல் பற்றிய ஆணை என்றும் முடிந்த முடிபன்று. குழந்தை வளர்ந்து நிலைமை மாறுமிடத்து அதனையும் மாற்றலாம் என்பதும் அவ்வழக்கில் வலியுறுத்தப்பெற்றது. தேசவழமையில் நாம் கண்ட இரண்டாவது கருத்தும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

‘தந்தைக்குப் பின் தாய்’ என்னும் தொடர் 1999ஆம் ஆண்டு வரை ஒரு தடையாகவே நின்றது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தம் மகன் பெயரில் சேமிப்புப் பத்திரம் வாங்க 1984ஆம் ஆண்டில் விண்ணப்பித்தபோது, தந்தையின் கையொப்பம் வேண்டுமென ரிசர்வ் வங்கி கேட்டது. அதன்மேல் எழுந்த வழக்கில் 1999ஆம் ஆண்டு பெப்ருவரி 17ஆம் நாள் உச்சநீதிமன்றம் ‘பின்’ என்னும் சொல்லுக்குப் பொருள் விரித்தது. தந்தை இறந்த பின் என்று மட்டும் அதற்குப் பொருள் கொள்ளலாகாது. தந்தை குழந்தையின் பொறுப்பினை ஏற்காதவிடத்தும், தாயிடமே அப்பொறுப்பு விடப்பட்டவிடத்தும், பிற காரணங்களால் அவர் இல்லாதவிடத்தும் தாயே காப்பாளர் ஆவார் என்றது. ஒரு சிறு சொல்லின் பொருள் மாற, தாய்மார் பலர் நிலை மாறியது. சொல்லாராய்ச்சி வாழ்வினின்றும் விலகியதன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவிலும் 2010ஆம் ஆண்டில் தந்தையோடு தாயும் சேர்க்கப்பெற்றார்.

காணுரிமை பற்றியும் கருத்து வளர்ந்தது. மத்தியச் சட்ட ஆணையம் 2015ஆம் ஆண்டில் அளித்த 257ஆம் அறிக்கை, பெற்றோர் இருவரும் காவலைப் பகிர்ந்துகொள்ளும் முறைக்கும், காணுதற்குரிய ஒழுங்கிற்கும் பரிந்துரை செய்தது. 2020ஆம் ஆண்டு சனவரியில் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்று, இருபாலாரின் அன்பையும் பெறுதல் குழந்தையின் உரிமை என்றது. நேரில் காணவியலாத தொலைவில் வாழும் பெற்றோர்க்குத் தொலைபேசியாலும் காணொளியாலும் குழந்தையோடு உரையாடும் வாய்ப்பு வேண்டும் என்றும் கூறிற்று. தாய் வேண்டிய உரிமையாக 1839இல் எழுந்தது, குழந்தைக்குரிய உரிமையாக இங்ஙனம் மாறி நிற்கின்றது.

7. ஓம்பற் கடன்

பிழைப்பூதியத்தின் வரலாறு இவற்றினின்றும் சிறிது வேறுபட்டது. இது தொடக்கம் முதலே கடனாகவே கருதப்பட்டது. குற்றவியல் நடைமுறைச் சட்டம், குழந்தையைப் புறக்கணிக்கும் தந்தையை நடுவர் அழைத்துத் திங்கள்தோறும் பொருள் தருமாறு ஆணையிட வழிசெய்தது. முறைப்படியான மணத்தில் பிறவாத குழந்தைக்கும் இவ்வுரிமை உண்டு. 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் 488ஆம் பிரிவில் உச்சத்தொகை 50 ரூபாயாக இருந்தது. 1923இல் 100 ஆகவும், 1955இல் 500 ஆகவும் உயர்ந்தது. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 125ஆம் பிரிவிலும் 500 ரூபாயே நின்றது. விலைவாசி பன்மடங்கு உயர்ந்த பின்னும் வரம்பு உயராமையால் கடன் பெயரளவிற்றாயிற்று. 2001ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வரம்பினை நீக்கியது. 2024ஆம் ஆண்டு சூலை முதல்நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு இன்று அவ்விடத்தைப் பெற்றுள்ளது. ஆணையிட்ட தொகையைத் தக்க காரணமின்றிச் செலுத்தத் தவறுவோர்க்குச் சிறைத்தண்டனையும் உண்டு.

1956ஆம் ஆண்டின் இந்து மகவேற்பு மற்றும் பிழைப்பூதியச் சட்டம், 20ஆம் பிரிவில் ஆண், பெண் இருபாலார்க்கும் மக்களை ஓம்பும் கடனை விதித்தது. 2020ஆம் ஆண்டு நவம்பரில் உச்சநீதிமன்றம், வழக்காடும் இருதிறத்தாரும் தம் வருவாயையும் சொத்தையும் உறுதிமொழி ஆவணத்தால் வெளிப்படுத்துதல் வேண்டும் என்றும், விண்ணப்பித்த நாள் முதலே பிழைப்பூதியம் கணக்கிடப்படும் என்றும் நெறிப்படுத்தியது.

ஈண்டு ஒரு மயக்கத்தைக் களைதல் வேண்டும். ‘குழந்தையைக் காட்டாதவர்க்குப் பணம் எதற்கு?’ என்பர் தந்தையர் சிலர். ‘பணம் தராதவர் குழந்தையைக் காண்பது எதற்கு?’ என்பர் தாய்மார் சிலர். இரண்டும் ஒரே பிழையின் இருமுகங்களாம். காண்பதும் கொடுப்பதும் கணவன் மனைவியர் தம்முள் மாற்றிக்கொள்ளும் பண்டங்கள் அல்ல. இரண்டும் குழந்தைக்கு உரியன. ஒருவர் தவறியதற்கு மற்றவர் குழந்தையின் பங்கைப் பிடித்து வைத்தல் எவ்வாற்றானும் பொருந்தாது.

8. செம்பட்டியிலிருந்து நோக்கின்

அடையாறும் இலண்டனும் கண்ட இவ்வரலாறு சிற்றூர் வாழ்வோர்க்கு யாது பயன் தரும் எனக் காண்போம். திண்டுக்கல்லினின்றும் வத்தலக்குண்டு செல்லும் சாலையில் அமைந்தது செம்பட்டி. 1985ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டம் தோன்றும் வரை இது மதுரை மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. இவ்வூர்ப் பெண்ணொருத்தி கோவையில் வாழ்க்கைப்பட்டு, மணவாழ்வு முறிந்து, நான்கு வயதுக் குழந்தையோடு தாய்வீடு திரும்பி ஓராண்டாக வாழ்கின்றாள் எனக் கொள்வோம். குழந்தையைக் கேட்டு வழக்குத் தொடுக்கும் தந்தை எந்நீதிமன்றத்திற்குச் செல்லுதல் வேண்டும்? 1914ஆம் ஆண்டில் ஆராயப்பட்ட அதே வினா இங்கும் எழுகின்றது. குழந்தை வழக்கமாக வாழுமிடம் செம்பட்டியாயின் திண்டுக்கல்லே அதற்குரிய இடமாம். பிழைப்பூதியம் வேண்டும் தாயும் கோவைக்கு அலைய வேண்டுவதில்லை. தான் வாழும் இடத்திலேயே விண்ணப்பிக்கலாம். பெண்டிர்க்கும் குழந்தைகட்கும் வருவாய் வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் அளித்துள்ளது. மேல்முறையீட்டிற்கும் சென்னை செல்ல வேண்டுவதில்லை. 2004ஆம் ஆண்டு முதல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இயங்கி வருகின்றது.

இப்பகுதி மக்களிடையே, தமிழகத்தின் பிறவிடங்களிற் போலவே, தாய்மாமன் மடியில் குழந்தையை அமர்த்திக் காது குத்துவது வழக்கம். குழந்தைமேல் தாய்வழிச் சுற்றத்துக்கும் பொறுப்புண்டு என்பதனை ஊரறிய உணர்த்தும் சடங்காகவே இது தோன்றுகின்றது. மணம் முறிந்தவிடத்து அம்மாமன் வீடே குழந்தைக்குப் புகலாதலைக் காண்கின்றோம். ஆயின் ஊர்ப்பெரியோர் கூடிப் பேசுமிடத்து, சீர்வரிசையையும் நகையையும் திருப்பித் தருதல் பற்றிய பேச்சு நீளும் அளவிற்குக் குழந்தையின் படிப்புச் செலவு பற்றிய பேச்சு நீள்வதில்லை. குழந்தையை அழைத்துக் கேட்பது அதனினும் அரிது. அடையாற்று வழக்கில் உயர்நீதிமன்றம் செய்த பிழையையே ஊர் மன்றங்களும் செய்கின்றன என்க.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றால் விளங்குவன இவை. தொன்னூல்களில் பெற்றோரின் பொறுப்பு கடன் என்னும் சொல்லாற் கூறப்பட்டது. தேசவழமை காவலையும் பொருளையும் இணைத்து வைத்தது. ஆங்கிலேயர் சட்டம் தந்தையின் உரிமையை முன்னிறுத்தியது. அடையாற்று வழக்கு அவ்வுரிமை பொறுப்பே என்பதனையும், குழந்தையைக் கேளாது அதன் வாழ்வை முடிவு செய்தல் தகாது என்பதனையும் உணர்த்தியது. அதன்பின் ஒரு நூற்றாண்டாக நம் சட்டம் உரிமையினின்றும் நலத்தை நோக்கித் தளர்நடையிட்டு வருகின்றது.

தமிழறிஞர் செய்யத்தக்க பணி ஒன்று எஞ்சியுள்ளது. கைதிக்கும் குழந்தைக்கும் ஒரே சொல் வழங்குதலைத் தவிர்த்தல் வேண்டும். ‘காப்புரிமை’ எனச் சிலர் எழுதுவதும் பொருந்தாது. அச்சொல் புதுப்புனைவுகட்கு அரசு நல்கும் உரிமையைக் குறிப்பதாக நிலைத்துவிட்டது. அதனிடையேயும் உரிமையே நிற்கின்றது. பொன்முடியார் ஆண்ட ‘புறந்தருதல்’ நம்மிடம் உள்ளது. ‘குழந்தையைப் புறந்தரும் பொறுப்பு யாருடையது?’ என்று தீர்ப்புக்களும் மனுக்களும் எழுதப்படுமாயின், கேட்கும் பெற்றோர்க்கு அவ்வினாவிலேயே விடையின் பாதி விளங்கும். குழந்தையைப் பெறுதற்கு வழக்காடுவோர், தாம் கேட்பது ஒரு கடனைச் சுமக்கும் இசைவே என்பதனை அச்சொல்லே அவர்கட்கு நினைவுறுத்தி நிற்கும்.